குனோங் ராபாட்டிலிருந்து அண்டை நாடுகளுக்கு: கோலாலம்பூர் போகாமலே செல்லும் வழிகள்

ஈப்போ: வெளிநாடு என்றதும் கே.எல்.ஐ.ஏ. என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். நள்ளிரவில் பேருந்து ஏறி, விடிவதற்குள் சிப்பாங் போய்ச் சேர்ந்து, விமானம் கிளம்பும் முன்பே பாதி களைத்துப் போகிறோம். குனோங் ராபாட்டில் இருப்பவர்களுக்கு அந்த அலைச்சல் எப்போதும் தேவையில்லை. சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையம் சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. ஈப்போ ரயில் நிலையத்திலிருந்து தாய்லாந்து எல்லை வரை நேரடி ரயில் ஓடுகிறது. பினாங்கு வழியாகப் போனால் சுமத்ராவும் பக்கம்தான்.

சிங்கப்பூர் பயணம் சுலபமானது. ஏர் ஏசியா, ஸ்கூட் ஆகிய நிறுவனங்கள் ஈப்போவிலிருந்து நேரடி விமானச் சேவை வழங்கி வருகின்றன. பறக்கும் நேரம் ஒன்றரை மணிக்குள் அடங்கும். போவதற்கு முந்திய மூன்று நாள்களுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பிவிட வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் அகப்பக்கங்கள் எதுவும் சிங்கப்பூர் அரசுடையது அல்ல. மெரு ராயாவில் உள்ள அமான்ஜெயா முனையத்திலிருந்து விரைவுப் பேருந்தும் உண்டு.

மேடான் நகருக்குப் போக நினைப்பவர்கள் பினாங்கிற்குச் சென்று அங்கிருந்து குவாலானாமு விமான நிலையத்திற்குப் பறக்கலாம். பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து நகருக்குள் ரயில் வசதி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் டெலி வட்டாரப் புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் மேடானில் வாழ்கிறார்கள். கம்போங் மெட்ராஸ் பகுதியில் 1884இல் எழுப்பப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயில் இருக்கிறது. கோபுரம் போலவே மாடம் மாடமாக எழும்பும் அன்னை வேளாங்கண்ணி திருத்தலமும் அந்நகரில்தான் உள்ளது. நம் தோட்டப்புறக் கதையின் இன்னொரு கிளை அது. ஆனால் நம்மவர்கள் பலர் மேடானைத் தோபா ஏரிக்குப் போகும் வழியாக மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

ஈப்போவின் உண்மையான பலம் வடக்கே போகும் தண்டவாளம். இரட்டை மின்தடம் 2015இல் பாடாங் பெசார் வரை முழுமை பெற்றது. இ.டி.எஸ். ரயிலில் ஈப்போவிலிருந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணத்தில் எல்லையை அடைந்துவிடலாம். பாடாங் பெசார் நிலையத்துக்குள்ளேயே இரு நாட்டுக் குடிநுழைவு முகப்புகளும் இருக்கின்றன. ஹாட்யாய்க்குப் போகும் தாய்லாந்து ரயிலும் அங்கிருந்தே கிளம்புகிறது. அந்தச் சிறிய ரயிலுக்குக் கட்டணம் நூறு பாட்டுக்கும் குறைவு, பயணம் ஒரு மணி நேரம். ஆனால் ஒரு நாளில் அது ஓடுவது மிகச் சில தடவைதான். ஆகவே இ.டி.எஸ். டிக்கெட் எடுக்கும்போதே தாய்லாந்து ரயிலின் நேரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளி விடுமுறையிலும் தீபாவளியை ஒட்டியும் இ.டி.எஸ். இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கடிகாரத்திலும் கவனம் வேண்டும். தாய்லாந்து நம்மைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. போகும்போது மறந்தால் நிலையத்தில் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டிவரும், அவ்வளவுதான். திரும்பும்போது மறந்தால் ரயிலே போய்விடும். பிற்பகல் 3 மணி என்று இ.டி.எஸ். டிக்கெட்டில் இருந்தால், ஹாட்யாயில் வாங்கிய கைக்கடிகாரத்தில் அது 2 மணி. நான் ஒருமுறை இதில் ஏமாந்து, கையிலிருந்த டிக்கெட்டை வெறித்துப் பார்த்தபடி அடுத்த ரயிலுக்குக் காத்திருந்திருக்கிறேன்.

ஹாட்யாயோடு நிறுத்திக்கொள்ளாதவர்களுக்கு, பாடாங் பெசாரிலிருந்தே பேங்காக் போகும் படுக்கை வசதி ரயில் மாலையில் புறப்பட்டு மறுநாள் காலை போய்ச் சேர்கிறது. காஞ்சனபுரி செல்வோர் வழியில் நக்கோன் பாத்தோமில் இறங்கிக்கொள்ளலாம்.

காஞ்சனபுரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1918இல் சயாமோடு இணைக்கப்பட்ட இதே தடத்தில்தான், ஜப்பானியர் ஆட்சியில் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் சரக்குப் பெட்டிகளில் அடைத்து அனுப்பப்பட்டார்கள். மூன்று மாத வேலை என்று சொல்லி அழைத்துப் போனார்கள் என்பது பல குடும்பங்களில் இன்றும் சொல்லப்படும் செய்தி. பர்மா எல்லையைத் தாண்டி 415 கிலோமீட்டர் நீண்ட அந்த ரயில் பாதை 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. ஆசியத் தொழிலாளர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். காலராவிலும் பட்டினியிலும் அவர்களில் பாதிப்பேர் வரை மடிந்திருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது.

காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் நேச நாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். வரிசை வரிசையாகப் பெயர்ப் பலகைகள், வெட்டிவிட்ட புல்வெளி, பூச்செடிகள். அங்கே தமிழ்ப் பெயர்களைத் தேடாதீர்கள். நம்மவர்களின் எலும்புகள் பெயரின்றிக் கும்பலாகக் கிடந்தன. அவர்களுக்கான நினைவிடம் அதே ஊரில் உள்ள வாட் தாவோர்ன் ஆலயத்தில் இருக்கிறது. அங்கே 2023இல் தமிழர்களுக்காக ஒரு நடுகல்லும் நாட்டப்பட்டது. சுற்றுலா நிறுவனங்களின் பேருந்து பாலத்தடியில் நின்றுவிட்டுத் திரும்பிவிடும். வாட் தாவோர்ன் போக வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போகும் முன் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலைப் படித்துவிட்டுப் போவது நல்லது. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களிடம் சொந்தத்தில் யாரேனும் சயாமுக்குப் போனார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பெயர் ஒன்று கிடைத்தால் கையில் குறித்துக்கொண்டு போகலாம்.

ஆயத்தங்கள் அதிகமில்லை. கடப்பிதழ் இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும். குறுகிய காலச் சுற்றுலாவுக்கு இம்மூன்று நாடுகளிலும் மலேசியர்களுக்கு விசா தேவையில்லை. தாய்லாந்துக்கு 2025 மே 1 முதல் மின்னியல் வருகை அட்டை கட்டாயம். இதுவும் இலவசம்தான். கைப்பேசி பழக்கமில்லாத முதியவர்களுக்குப் பிள்ளைகள் வீட்டிலேயே நிரப்பித் தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டால் எல்லையில் தடுமாற்றம் இருக்காது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் தென் தாய்லாந்தில் அடைமழை. 2025 நவம்பர் வெள்ளத்தில் ஹாட்யாய் விடுதிகளில் நம் நாட்டவர் பலர் சிக்கிக்கொண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். காஞ்சனபுரிக்கு வெயில் தணிந்திருக்கும் ஜனவரி ஏற்ற மாதம். கடப்பிதழ்க் கட்டணம் பெரியவர்களுக்கு 200 வெள்ளி, 60 வயதைக் கடந்தவர்களுக்கு 100 வெள்ளி.