திருமுக்கூடற் கல்வெட்டில் ‘அடுதல்’

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தே அமைந்த திருமுக்கூடற் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் (கி. பி. 1063–1070) காலத்துக் கல்வெட்டொன்று உளது. வேதக் கல்லூரியோடு, 15 படுக்கைகள் கொண்ட ‘வீரசோழன்’ என்னும் ஆதுலர் சாலையும் ஆங்கு நடந்தமையை அது கூறும். மருத்துவர், சல்லியக்கிரியை பண்ணுவார், மருந்து பறித்து விறகு கொணர்வார் ஆகியோருடன், ‘மருந்து அடும் பெண்டுகள்’ இருவரும் அதிற் குறிக்கப்பெறுகின்றனர்.

இப்பெண்டிரை, நோயாளர்க்கு மருந்து கொடுத்த செவிலியர் என்ற அளவிலேயே கொள்ளுதல் பெருவழக்கு. அப்பொருள் ‘இடுதல்’ என்னும் வினைக்கே உரியது. ‘அடுதல்’ என்பதற்குக் கொல்லுதல், வெல்லுதல், சமைத்தல் எனப் பொருள்கள் உள. முன்னிரண்டும் ஈண்டுப் பொருந்தா. தீயிற் பாகஞ்செய்தலே பொருந்தும். அடுப்பு, அட்டில், அடிசில் என்பன இவ்வினையடியாகப் பிறந்தனவே.

இதற்குச் சான்று கல்வெட்டினுள்ளேயே உளது. சாலைக்கு விறகு வேண்டப்பட்டது. சேமிக்கப்பெற்ற மருந்துகளில் தைலங்களும் நெய்களும் உள. அவை காய்ச்சாமல் ஆவன அல்ல. ஆகலின், இவர்கள் நோயாளரைப் பேணியதோடு பக்குவமறிந்து மருந்து வடித்தவருமாவர் எனக் கொள்ளுதலே தகும்.

இவ்வினை இன்று பேச்சுவழக்கில் அருகி, ‘அடுப்பு’ என்பது போன்ற பெயர்களில் நிலைத்துள்ளது. ஒரு வினைச்சொல்லின் பொருளை நெகிழவிடின், இருவர் கைத்திறனும் வரலாற்றினின்று மறைந்துபோம் என்க.