மகிழ்ச்சி ஞாயிறு

கத்தோலிக்கத் திருவழிபாட்டு ஆண்டில் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு எனப்படும். எருசலேமோடு சேர்ந்து அகமகிழ அழைக்கும் எசாயா 66ஆம் அதிகார அடிகளே அன்றைய வருகைப் பல்லவி. அன்று குருக்கள் ஊதாவுக்குப் பதிலாக இளஞ்சிவப்புத் திருவுடை அணியலாம். பீடத்தை மலர்களால் அணிசெய்யலாம். இச்சலுகைகளை வைத்து, நோன்பில் களைத்தவர்களுக்கு இது ஓர் இளைப்பாறல் என்று விளக்குவோர் உண்டு. அவ்விளக்கம் போதாது. திருத்தந்தை இந்த ஞாயிறன்று பொன் ரோஜாவை மந்திரிக்கும் வழக்கத்துக்கே 11ஆம் நூற்றாண்டிலிருந்துதான் சான்று கிடைக்கிறது. தவக்காலத்தின் மகிழ்ச்சி அதனினும் பழையது. வெளியே நிற்பவர்களை உள்ளே சேர்த்துக்கொள்ளும் பணியிலிருந்து பிறந்தது.

325இல் கூடிய நிசேயா பொதுச்சங்கத்தின் ஐந்தாம் விதி இதற்கு வலுவான சான்று. திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர்கள் ஆயரின் சிறுமையாலோ பகையாலோ விலக்கப்பட்டார்களா என்று ஆராய, மாநில ஆயர்கள் ஆண்டுக்கு இருமுறை கூட வேண்டும் என்கிறது அது. முதற்கூட்டம் ‘நாற்பது’க்கு முன் நடக்க வேண்டும்; மனக்கசப்பெல்லாம் நீங்கினால்தான் இறைவனுக்குத் தூய காணிக்கை செலுத்த முடியும் என்பது அது சொல்லும் காரணம். அந்த ‘நாற்பது’ பொதுவாகத் தவக்காலம் என்றே கொள்ளப்படுகிறது. தண்டனை பெற்றவரை மட்டுமன்றி, தண்டித்தவரின் மனத்தையும் சோதிக்கச் சொல்லும் இவ்விதியை எவ்வளவு போற்றினாலும் தகும். திருமுழுக்குக்கு ஆயத்தமானவர்களைத் திருச்சபை தவக்கால ஞாயிறுகளில் கூட்டாக மன்றாடி வரவேற்றதும் இதே உணர்வில்தான். பிறவிக் குருடர் பார்வை பெற்ற நற்செய்தியோடு நான்காம் ஞாயிறு இன்றும் அந்தச் சடங்குக்கு உரியதாக இருக்கிறது.

இதற்கு இரண்டு தடைகள் எழுப்பலாம். பாவத்துக்காக விலக்கப்பட்டோரை உரோமைத் திருச்சபை மீண்டும் சேர்த்துக்கொண்டது பாஸ்காவுக்கு முந்தைய வியாழனன்று. 416இல் திருத்தந்தை முதலாம் இன்னொசெந்து எழுதிய மடலே அதைச் சொல்கிறது. அப்படியானால் நான்காம் ஞாயிறுக்கும் ஒப்புரவுக்கும் என்ன தொடர்பு? ஒப்புரவு ஒரே நாளில் நடந்து முடிவதன்று. வியாழனுக்காகக் காத்திருந்தவர்களை எதிர்நோக்கும் மகிழ்ச்சி அதற்கு முன்பே தொடங்குவது இயல்பே. இரண்டாம் தடை கடுமையானது: அன்றைய பொதுத் தவம் பாவியை ஊரறிய நாணச் செய்தது, ஆண்டுக்கணக்கில் ஒதுக்கியும் வைத்தது. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஒதுக்கலின் முடிவாகத் திரும்பி வருதலையே திருச்சபை வைத்திருந்தது. 1969ஆம் ஆண்டின் வாசக ஒழுங்கு அந்த நோக்கத்தை வெளிப்படையாக்கியது: மூன்றாண்டுச் சுற்றின் மூன்றாம் ஆண்டில், நான்காம் ஞாயிறன்று, ஒப்புரவுப் பணி பற்றிய பவுலின் மடற்பகுதியும் காணாமற்போன மகன் உவமையும் சேர்த்து வாசிக்கப்படுகின்றன. தம்பிக்காக விருந்து நடக்கையில் மூத்தவன் வெளியே நிற்கிறான்; அவனையும் அழைக்கத் தந்தை வாசலுக்கு வருகிறார். அவன் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவில்லை. வரவேற்க மறுப்பவனுக்கும் அழைப்பு உண்டு என்பதால் இவ்வுவமை தவக்காலத்துக்கு மிகவும் பொருந்துகிறது.

கீழைத் திருச்சபைகள் ஒப்புரவை நோன்பின் வாசலிலேயே வைத்தன. பைசாந்திய மரபில் நோன்பு தொடங்குமுன் வரும் மன்னிப்பு ஞாயிறு மாலை வழிபாட்டில் குருவும் மக்களும் ஒருவரிடம் ஒருவர் தலைவணங்கி மன்னிப்புக் கேட்கின்றனர். கேரளத்தின் சிரியன் ஆர்த்தடாக்ஸ் சபைகளிலும் நோன்புத் தொடக்கத்தில் ‘சுபுக்கோனோ’ என்ற ஒப்புரவுச் சடங்கு நடைபெறுகிறது. அதில் ஒருவருக்கொருவர் மன்னிப்பு வேண்டிச் சமாதானம் கூறுகின்றனர்.