புதுச்சேரி மக்களும் பிரெஞ்சு யூனியனும்

கற்பிட்டிக் கோட்டையைக் கண்டிராத வாலிபர் எமது சங்கத்திலே இரார் என்றே எண்ணுகின்றோம். புத்தளக் களப்புக்கு அப்பால் மேற்கே நீண்டு கிடக்கும் அம்மண்ணிலே முதலிற் போர்த்துக்கீசர் இருந்தனர். அவர்க்குப்பின் ஒல்லாந்தர் வந்தனர். 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். இத்தனை முறை கொடி மாறியும், ஒரு முறையேனும் இக்கரையில் வாழ்ந்த நம் முன்னோரை நோக்கி, "உங்களுக்கு எவருடைய ஆட்சி வேண்டும்?" என்று எவரும் கேட்டாரில்லை. உப்பு விளைவித்தவன் உப்பு விளைவித்துக்கொண்டே இருந்தான். வலை வீசியவன் வலை வீசிக்கொண்டே இருந்தான். வரி வாங்கும் கை மாத்திரமே மாறியது.

அப்படியொரு கேள்வி தமிழ் பேசும் மக்களிடம் எங்கேனும் கேட்கப்பட்டதுண்டா? உண்டு. கடலுக்கு அப்பால், காரைக்காலிலும் புதுச்சேரியிலும் கேட்கப்பட்டது; ஆனால் அரையுங் குறையுமாகக் கேட்கப்பட்டது. காரைக்கால் என்றதும் அம்மையாரின் நினைவே நமக்கு முதலில் வரும். அவ்வூர் 1739ஆம் ஆண்டு முதல் பிரெஞ்சுக்காரரின் ஊராக இருந்தது என்பதையும், அந்த ஊர் மக்கள் பிரான்சை விட்டு நீங்கிய வரலாற்றையும் நம்மிற் பலர் அறியார். அதனையே இவ்வாண்டு மலரிலே எழுதத் துணிந்தோம்.

சர்வசன வாக்கெடுப்பு என்றால் நம் மூத்தோர்க்கு 1982ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆந் திகதியே நினைவுக்கு வரும். பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தலின்றி நீட்டலாமா என்று கேட்டார்கள். "ஆம்" என்பதற்கு விளக்கு, "இல்லை" என்பதற்குக் குடம். விளக்கு வென்றது, நூற்றுக்கு ஏறக்குறைய 55 பேர் அதற்கு வாக்களித்ததாகக் கணக்குச் சொல்லப்பட்டது. அது ஒரு பாராளுமன்றத்தின் ஆயுளைப் பற்றிய கேள்வி. புதுச்சேரியார் முன்னிருந்ததோ எந்த நாட்டின் குடிகளாய் வாழ்வது என்ற கேள்வி.

1947இல் ஆங்கிலேயர் இந்தியாவை விட்டுச் சென்றபோது பிரெஞ்சுக்காரர் செல்லவில்லை. புதுச்சேரி, காரைக்கால், மலையாளக் கரையில் மாகி, கோதாவரி முகத்தில் ஏனாம், வங்கத்திலே சந்திரநாகூர் என ஐந்து துண்டு நிலங்கள் அவர்கள் வசம் இருந்தன. புதுச்சேரியும் ஒரே துண்டாக இருக்கவில்லை. பழஞ்சேலையிலே ஒட்டுப் போட்டாற்போல, பிரெஞ்சுக் கிராமத்துக்கு இடையே இந்தியக் கிராமமும், இந்தியக் கிராமத்துக்கு இடையே பிரெஞ்சுக் கிராமமுமாக அஃது அமைந்திருந்தது. 1946ஆம் ஆண்டில் பிரான்சு புதிய அரசியல் யாப்பை வகுத்து, தன் குடியேற்ற நாடுகளையும் தன்னையும் சேர்த்துப் "பிரெஞ்சு யூனியன்" என்று பெயரிட்டது. அந்த யாப்பிலே, சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதமின்றி எந்த நிலத்தையும் பிறர்க்குக் கொடுத்தல் செல்லாது என்று ஒரு விதியும் இருந்தது. இந்தியா கேட்டபோதெல்லாம் பிரான்சு அந்த விதியையே எடுத்துக் காட்டியது. 1948 யூன் மாதத்தில் இரு அரசுகளும் மக்களையே கேட்பது என்று உடன்பட்டன.

முதலிற் கேட்கப்பட்டது சந்திரநாகூர். 1949 யூன் 19ஆந் திகதி அங்கே வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவோடு சேர 7,473 வாக்குகள். பிரெஞ்சு யூனியனில் இருக்க 114 வாக்குகள். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அவ்வூர் கல்கத்தாவுக்கு அயலிலே, வங்க மக்களின் நடுவே கிடந்த ஊர். 1950 மே 2ஆந் திகதி அதன் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது.

இந்தக் கணக்கைப் பார்த்த பின், மற்ற நான்கு இடங்களிலும் அதே கேள்வியைக் கேட்கப் பிரெஞ்சு அதிகாரிகளுக்கு அத்தனை அவசரம் இருக்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டு, 1948 ஒக்டோபரில், வாக்கெடுப்புக்கு முன்னோடியான நகரசபைத் தேர்தல் நெருங்கிய வேளையிலே மாகி மக்கள் கிளர்ந்தெழுந்து, ஐ. கே. குமாரனின் தலைமையில் ஆட்சியைச் சில நாட்கள் தம் கையிற் கொண்டதும், பிரெஞ்சுப் போர்க்கப்பல் வந்து அதனை மீட்டதும் அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புதுச்சேரியிலோ அத்தேர்தலில் எதுவார்த் குபேரைத் தலைவராகக் கொண்ட, பிரான்சுக்குச் சார்பான சோசலிஸ்டுக் கட்சியே வென்றது. அத்தேர்தல் எப்படி நடந்தது என்பதைப் பற்றி இந்தியா குறை கூறியது. 1951இல் நடுநிலைப் பார்வையாளர் வந்து பார்த்து, அச்சமின்றி வாக்களிக்கும் நிலை அங்கே இல்லை என்று அறிக்கை கொடுத்தனர். 1952இல் நேரு அரசாங்கம், இனி வாக்கெடுப்பு வேண்டாம், நேரே ஒப்படைத்தலே வேண்டும் என்று கூறிவிட்டது. வாக்குறுதி செய்த வாக்கெடுப்பு நடவாதொழிவது நமக்குப் புதிதன்று. 1987ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலே கிழக்கு மாகாண மக்களுக்குச் சொல்லப்பட்ட வாக்கெடுப்பும் ஆண்டுதோறும் ஒத்திவைக்கப்பட்டு, 2006இல் நீதிமன்றத் தீர்ப்போடு வடக்கும் கிழக்கும் பிரிந்ததை நாம் கண்டோம்.

சரி, அந்த ஆண்டுகளிலே புதுச்சேரி மக்கள் என்ன நினைத்தனர்? இங்கேதான் வரலாறு சுவையுடையதாகின்றது. வெளியிலிருந்து பார்ப்பவர், "வெள்ளையன் போகவேண்டும் என்று எல்லோரும் ஒருமுகமாய் நின்றனர்" என்று எளிதாக எழுதிவிடுவர். உண்மை அத்துணை எளிதன்று.

ஆலைத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். சவானா ஆலை வேலைநிறுத்தத்திலே 1936 யூலை 30ஆந் திகதி பிரெஞ்சுப் பொலிசார் சுட்டு 12 தொழிலாளர் மாண்டனர். வ. சுப்பையா தலைமையிலே நடந்த அப்போராட்டத்தின் பயனாக மறு ஆண்டிலேயே எட்டு மணி நேர வேலைச் சட்டம் கிடைத்தது. சுட்டதும் பிரெஞ்சு ஆட்சி. பிரித்தானிய இந்தியாவின் தொழிலாளிக்கு அன்று இல்லாத சட்டத்தைத் தந்ததும் பிரெஞ்சு ஆட்சி. அத்தொழிலாளியின் உள்ளத்தில் நன்றி இருந்ததா வெறுப்பு இருந்ததா என்று ஒரு சொல்லிற் கூற எம்மால் முடியாது.

அடுத்து, "சொல்தா" என்று ஊரார் அழைத்த பிரெஞ்சுப் படைவீரர். சைகோனிலும் பிற இடங்களிலும் பணிபுரிந்து திரும்பி, பிரான்சு அனுப்பும் ஓய்வூதியத்திலே குடும்பம் நடத்தியவர்கள் அவர்கள். கொடி மாறினால் அந்தப் பணம் வருமா? அரசாங்க எழுத்தருக்கும் ஆசிரியருக்கும் அதே கவலை. பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுத் தம் பழைய வழக்கச் சட்டத்தைக் கைவிட்ட குடும்பங்களும் 1881 முதல் அங்கே இருந்தன. அவர்கள் பெயரே பிரெஞ்சுப் பெயர். பிள்ளைகள் படித்ததும் பிரெஞ்சு. வீட்டிலே பேசியது மாத்திரம் தமிழ்.

மறுபுறத்திலே, 1908இல் பாரதியார் ஆங்கிலேயருக்கு அஞ்சாமல் வந்து தங்கிய இடம் புதுச்சேரி என்ற பெருமையை ஊரார் மறக்கவில்லை. அடைக்கலம் தந்த ஆட்சி என்பதனால் அதன்மேல் ஒரு பரிவு. பாடிய கவிஞரோ பாரத நாட்டின் விடுதலையைப் பாடியவர். இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்திருந்தவர்கள் பலர்.

இவற்றுக்கெல்லாம் மேலாக வயிறு என்று ஒன்று இருந்ததே! 1949இல் சுங்க உடன்பாடு முடிந்தது. எல்லையெங்கும் இந்தியச் சுங்கச் சாவடிகள் எழுந்தன. வயல் ஒரு நாட்டில், வீடு மற்ற நாட்டில். பெண் கொடுத்த ஊருக்குப் போக அனுமதிச் சீட்டு. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு. புதுச்சேரியில் கள்ளும் சாராயமும் தடையில்லை. தங்கமும் பிறவும் கள்ளத்தனமாய்க் கடந்தன. அதிற் சிலர் கொழுத்தனர். ஏழைக்கோ அரிசியின் விலையே அரசியல். இணைப்பை விரும்பியோரிற் பலர் இந்தச் சாவடிகள் நீங்கவேண்டும் என்பதற்காகவே விரும்பினர் என்று சொன்னால் அவர்களைக் குறைத்துச் சொன்னதாகாது என்பது எம் கருத்து.

1954இல் காற்று ஒரேயடியாய்த் திரும்பியது. மார்ச் 18ஆந் திகதி புதுச்சேரியின் எட்டுக் கொம்யூன் நகரசபைகளின் மேயர்மார் (அவ்வூரார் வழக்கில் "மேர்"), வாக்கெடுப்பின்றியே இந்தியாவோடு சேரவேண்டும் என்று தீர்மானித்தனர். அதுவரை பிரான்சின் பக்கம் நின்ற குபேரே இதற்கு முன்னின்றார்! மார்ச் 31ஆந் திகதி நெட்டப்பாக்கத்திலே அவர்கள் தற்காலிக அரசாங்கமும் அமைத்துவிட்டனர். குபேர் மனம் மாறியது நாட்டுப்பற்றாலா, வேறு நெருக்கடியாலா என்று அன்றே ஊரார் வாதிட்டனர், இன்றும் வாதிடுகின்றனர். யூன் மாதத்தில் ஏனாமும் யூலையில் மாகியும் கைமாறின. இதற்கிடையே மே 7ஆந் திகதி வியட்னாமிலே தியன்பியன்பூ வீழ்ந்தது. பாரிசிலே மெந்தே பிரான்சு பிரதமராகி, இந்தோசீனப் போரை முடித்தார். சைகோனை இழக்கும் பிரான்சு புதுச்சேரிக்காகப் போராடுமா?

எனினும் யாப்பு விதி இடையில் நின்றது: மக்களின் சம்மதம் வேண்டும். வாக்கெடுப்போ இனி இல்லை. அதற்கு ஒரு வழி கண்டார்கள். மக்கள் முன்னரே தெரிந்தெடுத்த சட்டசபை உறுப்பினரும் நகரசபை உறுப்பினரும் கூடிச் சொல்வதே மக்களின் சொல் என்று இரு அரசுகளும் ஏற்றன. 1954 ஒக்டோபர் 18ஆந் திகதி, நகரத்தில் அன்று, எல்லையோரச் சிற்றூராகிய கீழூரிலே 178 பேர் கூடினர். 170 பேர் இணைப்புக்கு இசைந்தனர். 8 பேர் மறுத்தனர். மூன்றே நாளில், ஒக்டோபர் 21ஆந் திகதி புதுடில்லியில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. நவெம்பர் 1ஆந் திகதி புதுச்சேரியிலே இந்தியக் கொடி ஏறியது.

சந்திரநாகூரில் ஊரே பெட்டியண்டை சென்றது. கீழூரில் 178 பேர் சென்றனர். அந்த எட்டுப் பேரைப் பற்றி வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. அவர்களைத் துரோகிகள் என்று ஒதுக்கிவிட நாம் ஒருப்படோம். நூற்றியெழுபது பேர் ஒரு பக்கம் நிற்கையிலே மறுபக்கம் நிற்கத் துணிவு வேண்டும். தவிரவும், அந்தச் சொல்தாவின் வீட்டுக் கவலையை அன்று அவைக்குள் கொண்டுவந்தவர்கள் அவர்களே. முழு வாக்கெடுப்பு நடந்திருந்தாலும் இணைப்பே வென்றிருக்கும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் எத்தனை பேர் மறுத்திருப்பர்? அந்த எண் எழுதப்படாமலே போயிற்று. பெட்டியில் விழாத மறுப்பு வீட்டுக்குள் முணுமுணுப்பாய்த் தங்கிவிடும்.

கைமாறிய பின்னும் சட்டப்படி அம்மண் பிரான்சுக்கே உரியதாய் இருந்தது. 1956 மே 28ஆந் திகதி ஒப்பந்தம் எழுதினார்கள். அல்சீரியப் போர் ஓயும் வரை பாரிசுப் பாராளுமன்றம் அதனை ஏற்கவில்லை. 1962 ஓகஸ்ட் 16ஆந் திகதியே எல்லாம் முடிந்தது. இதனால் புதுச்சேரிக்கு இரண்டு விடுதலை நாட்கள் வாய்த்தன. எதனைக் கொண்டாடுவது என்ற வழக்கு நெடுநாள் நடந்தது.

யூனியனை விட்டு நீங்கிய எல்லாரிடமும் பிரான்சு இவ்வளவு மென்மையாய் நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1958 செப்டெம்பர் 28ஆந் திகதி ஆபிரிக்காவின் கினி நாட்டார், டிகோல் அமைத்த புதிய கூட்டமைப்பு வேண்டாம் என்று நூற்றுக்கு 95 பேர் வாக்களித்தபோது, பிரான்சு தன் அதிகாரிகளையும் ஆசிரியர்களையும் திரும்ப அழைத்துக்கொண்டு உதவியையும் நிறுத்திற்று. புதுச்சேரியிலோ பாடசாலைகள் நின்றன, ஓய்வூதியம் நின்றுவிடவில்லை, பிரெஞ்சு மொழி ஆட்சிமொழியாய் இருக்கவும் இடம் வைக்கப்பட்டது. 1955இல் பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையமும் தோன்றியது.

அந்த ஒப்பந்தத்திலே ஒரு பிரிவு மக்களுக்கு மீண்டும் ஒரு கேள்வியை வைத்தது. இம்முறை கேள்வி ஊரை நோக்கி அன்று, ஒவ்வொருவரையும் நோக்கி. அங்கே பிறந்து அங்கேயே வாழ்வோர் இந்தியக் குடிகளாவர். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதத்துள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏறத்தாழ 5,000 பேர் எழுதிக் கொடுத்தனர். செய்தி எட்டாத கிராமத்தார் பலர் எழுதவில்லை. அண்ணன் எழுதினான், தம்பி எழுதவில்லை. ஒரே கூரையின்கீழ் இரு நாட்டார். எழுதியவரின் பிள்ளைகள் பாரிசுக்குச் சென்றனர். எழுதாதவரின் பிள்ளைகள் உரிமை கேட்டு நீதிமன்றம் ஏறினர்.

இக்கதைக்கு அண்மையில் ஒரு வால் முளைத்தது. 2016 யூன் 23ஆந் திகதி பிரித்தானியா ஐரோப்பிய யூனியனை விட்டு நீங்குவதா என்று வாக்கெடுத்தது. நீங்குக என்றோர் நூற்றுக்கு 51.9, இருக்க என்றோர் 48.1. கொத்லாந்திலோ நூற்றுக்கு 62 பேர் இருக்கவே விரும்பினர். அங்கும் வீடுதோறும் தகப்பனும் மகனும் பிணங்கிக்கொண்டனர் என்பதை இலண்டனிலுள்ள நம் உறவினர் சொல்லக் கேட்டோம். பொதுநலவாய நாட்டவர் அங்கே வதிந்தால் வாக்களிக்கலாம் என்ற விதியினால், இலங்கைக் கடவுச்சீட்டோடு இலண்டனில் இருந்த புத்தளத்தாருக்கும் அன்று வாக்கு உண்டு. 1962இலே தந்தை எழுதிக் கொடுத்த தாளினால் பிரெஞ்சுக் குடியாகி, இலண்டனில் அடுத்த வீட்டிலே வாழ்ந்த புதுச்சேரித் தமிழனுக்கு வாக்கு இல்லை. அவன் அங்கே தொடர்ந்து வாழலாமா என்பதைத்தான் அன்று மற்றவர்கள் வாக்களித்துத் தீர்மானித்தார்கள்.