வெளிர்ச் சூரியகாந்தியும் மறைந்திருந்த நிறமும்: ஒரு தோட்டத்து மலரின் வரலாறு

ஐதராபாத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் மொட்டைமாடியில் சென்ற ஆண்டு வெளிர்நிறச் சூரியகாந்தி விதைகள் ஐந்தினைத் தொட்டிகளில் ஊன்றினேன். நான்கு முளைகளை அணிலும் புறாவும் கொண்டுபோயின. எஞ்சிய ஒன்று வளர்ந்து, வெண்ணெயின் நிறத்தில் பூத்தது. அதன் அருகே வழக்கமான பொன்மஞ்சள் வகைச் செடிகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. வெளிர்மலரின் விதைகளை மட்டும் தனியே உலர்த்தி, காகித உறையிலிட்டுப் பெயர் எழுதிப் பாதுகாத்தேன். இவ்வாண்டு அவற்றை விதைத்தபோது முளைத்தவை யாவும் பொன்மஞ்சளாகவே பூத்தன. நிறம் போயிற்று என்று முடிவுசெய்து, விதை முற்றுவதற்கு முன்பே அவற்றைப் பிடுங்கிவிட்டேன்.

அம்முடிவு பிழையானது. அது ஏன் பிழை என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்ட தோட்டப் பரிசோதனை ஒன்று. அதனைப் பற்றியதே இப்பதிவு.

சூரியகாந்தியின் வரலாறு பெரும்பாலும் எண்ணெயின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இச்செடி வட அமெரிக்காவுக்குரியது. ஐரோப்பியர் அக்கண்டத்தில் கால்வைப்பதற்கு நெடுங்காலம் முன்பே, இன்றைய அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த தொல்குடியினர் அதனைப் பயிராக்கினர். டென்னசியின் அகழாய்விடம் ஒன்றில் கிடைத்த பருத்த விதைகள் 4,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமை உடையவை. கிளைதோறும் சிறு மலர்கள் விரியும் காட்டுச் செடியை, ஒற்றைத் தண்டும் ஒரே பெருமலரும் உடைய பயிராக மாற்றியது அம்மக்களின் விதைத் தெரிவே.

16ஆம் நூற்றாண்டில் அது ஸ்பெயின் வழியே ஐரோப்பாவுக்குச் சென்று, முதலில் தோட்டத்து வியப்புப் பொருளாகவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவில் எண்ணெய்ப் பயிராயிற்று. 1912இல் இன்றைய கிராஸ்னதார் நகரை ஒட்டிய சோதனை வயலில் வசிலி புஸ்தவோய்த் தொடங்கிய தெரிவுப் பணி, பல பத்தாண்டுகளில் விதையின் எண்ணெய் அளவை ஏறத்தாழ 30 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காட்டை ஒட்டி உயர்த்தியது. இந்தியாவுக்கு எண்ணெய்ப் பயிராகச் சூரியகாந்தி வந்தது 1969இல். வந்தவை சோவியத் வகைகள். 1980இல் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் பி.எஸ்.எச்.1 என்னும் முதல் இந்தியக் கலப்பின வகையை வெளியிட்டது. கர்நாடகமும் ஆந்திரமும் மகாராட்டிரமும் தக்காணக் கரிசலில் இப்பயிரைப் பரப்பின.

ஒரு கருத்தை இடையே சொல்லியாக வேண்டும். சூரியகாந்தி நம் பழைய இலக்கியத்தின் மலர் அன்று. அமெரிக்கச் செடி அங்கு இருந்திருக்க இயலாது. ஞாயிற்றை நோக்கித் திரும்பும் மலராகக் குறுந்தொகையில் வருவது நெருஞ்சி. பின்வந்த செடி நெருஞ்சிக்குரிய அப்புகழைத் தனதாக்கிக்கொண்டது. உண்மையில் முதிர்ந்த சூரியகாந்தி மலர் ஞாயிற்றைத் தொடர்ந்து திரும்புவதுமில்லை. இளஞ்செடியே அவ்வாறு திரும்பும். மலர்ந்த பின் அது கிழக்கு நோக்கி நிலைத்துவிடும்.

இந்த எண்ணெய் வரலாற்றில் இதழின் நிறத்திற்கு இடமில்லை. விளைச்சலையும் எண்ணெயையும் அளந்தவர்கள் இதழை அளக்கவில்லை. நிறத்தைப் பேணியவர்கள் வீட்டுத் தோட்டக்காரர்களும் அலங்கார விதை வணிகர்களுமே. ஆயினும் சூரியகாந்தியின் நிறமரபை முதலில் தெளிவாக்கிய ஆய்வு அத்தகைய தோட்டம் ஒன்றில்தான் நிகழ்ந்தது.

1910ஆம் ஆண்டு. கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் வாழ்ந்த உயிரியல் ஆசிரியை வில்மாட்டே போர்ட்டர் காக்கரெல், தம் வீட்டருகே சாலையோரம் நின்ற காட்டுச் சூரியகாந்திகளிடையே ஒரு செடியின் இதழ்களில் செம்பழுப்பு நிறம் படிந்திருப்பதைக் கண்டார். அச்செடி தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டது. அவர்தம் கணவர் டி. டி. ஏ. காக்கரெல் கொலராடோ பல்கலைக்கழகப் பேராசிரியர். தேனீக்களை வகைப்படுத்துவதில் பெயர்பெற்றவர். மெண்டலின் விதிகள் மீளக் கண்டறியப்பட்டுப் பத்தாண்டுகளே ஆகியிருந்த காலம் அது.

செந்நிறச் செடிக்கு ஓர் இடர்ப்பாடு இருந்தது. அது தன் மகரந்தத்தால் தானே கருவுறாது. எனவே மஞ்சள் மலர்களோடு கலப்புச் செய்ய நேர்ந்தது. வழித்தோன்றல்களில் ஒரு பகுதி செந்நிறம் பெற்றது. செந்நிறம் ஓங்கு பண்பு என்பது விளங்கியது. இதனினும் சிறப்பான விளைவைத் தந்தது வெளிர்நிறம். தோட்டங்களில் முன்பே வழங்கிவந்த வெளிர்மஞ்சள் வகை ஒன்றோடு செந்நிறச் செடியைக் கலந்தபோது முதல் தலைமுறையில் வெளிர்நிறம் அறவே தென்படவில்லை. அடுத்த தலைமுறையில் அது மீண்டது. அதனோடு அதற்குமுன் எவரும் கண்டிராத திராட்சைமதுச் செந்நிறம் ஒன்றும் தோன்றியது.

காரணம் எளிது. சூரியகாந்தி இதழில் இரு நிறமிகள் தனித்தனியே தொழிற்படுகின்றன. மஞ்சளைத் தருபவை கரோட்டினாய்டுகள். செம்மையைத் தருவது ஆந்தோசயனின். பொன்மஞ்சள் அடித்தளத்தின்மீது செம்மை படிந்தால் கண்ணுக்குச் செம்பழுப்பாகத் தெரியும். வெளிர் அடித்தளத்தின்மீது அதே செம்மை படிந்தால் மதுச்செம்மையாகும். அடித்தளம் வெளிர்வது ஒடுங்கு பண்பாதலால், பெற்றோர் இருவரிடமிருந்தும் அதனைப் பெற்ற செடியில் மட்டுமே வெளிப்படும். மெண்டலின் கணக்குப்படி, இரு பண்புகளுக்கும் கலப்பு மரபுடைய செடிகளைத் தம்முள் இணைத்தால் 16 வழித்தோன்றல்களில் 9 செம்பழுப்பு, 3 மதுச்செம்மை, 3 பொன்மஞ்சள், 1 வெளிர்மஞ்சள் என்ற விகிதத்தை எதிர்பார்க்கலாம். இன்று விதைக்கடைகளில் விற்கும் செந்நிறச் சூரியகாந்திகளின் வழிமரபு அந்தப் போல்டர் சாலையோரச் செடியை நோக்கியே செல்கிறது. கண்ணுக்கு மங்கலாய்த் தோன்றிய வெளிர்நிறம் இல்லாதிருப்பின் அதன் மிக அழகிய சாயல் பிறந்திராது.

இப்போது என் மொட்டைமாடிக்கு வருகிறேன். அலங்காரச் சூரியகாந்திகள் பலவும் தன் மகரந்தத்தை ஏற்பதில்லை. தனித்து நின்ற என் வெளிர்ச்செடிக்கு மகரந்தம் கொணர்ந்த தேனீக்கள் அண்டையிலிருந்த பொன்மஞ்சள் செடிகளிலிருந்தே வந்திருக்க வேண்டும். ஆகவே விதைகள் அனைத்தும் கலப்பு விதைகள். பூத்தவை அனைத்தும் பொன்மஞ்சள். ஆனால் அவை ஒவ்வொன்றும் வெளிர்நிறத்தின் மரபணுவைத் தன்னுள் சுமந்து நின்றன. அவற்றைத் தமக்குள்ளேயே இணைத்து விதையெடுத்திருந்தால், மறு ஆண்டில் நான்கில் ஒரு பங்குச் செடிகள் வெளிர்நிறத்தில் பூத்திருக்கும். நான் தேடியதைத் தாங்கி நின்ற செடிகளையே நான் பிடுங்கி எறிந்தேன்.

வரலாறு பயில்வோர்க்கு இவ்விடத்தில் ஓர் உவமை எளிதில் தோன்றும். ஆவணத்தில் காணப்படாதது இல்லாதது ஆகாது என்பது நம் துறையின் பாலபாடம். ஆயினும் அவ்வுவமையை மிகைப்படுத்தலாகாது. மரபணு விகிதம் தவறாமல் மீளும். மக்களின் நினைவு அவ்வாறு மீள்வதில்லை. மரபணுவும்கூட எவரேனும் விதைத்துக்கொண்டிருக்கும் வரையில்தான் மீளும். போல்டரில் அச்செடியைக் கண்ட கண் ஒன்று இருந்தது. பெயர்த்து நட்ட கை ஒன்று இருந்தது. பொன்மஞ்சள் தலைமுறையை வீண் என்று தள்ளாமல் மறு ஆண்டும் விதைத்த பொறுமை இருந்தது. இம்மூன்றில் எனக்கு இல்லாது போனது மூன்றாவது.

வெளிர்நிற வகைகளை விதையிலிருந்து வளர்க்க விரும்புவோர்க்கு இவ்வரலாறு தரும் நடைமுறைப் பாடங்கள் சில உண்டு. விதையை நேரடியாக நிலத்திலோ ஆழமான தொட்டியிலோ ஓர் அங்குலத்திற்கு மிகாத ஆழத்தில் ஊன்றுக. ஆணிவேர்ச் செடியாதலால் நாற்றைப் பெயர்த்து நடுவதை அது விரும்பாது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்திற்குக் குறையாத வெயில் வேண்டும். விதை சேமிப்பதாயின் வெளிர்ச்செடிகள் ஐந்தாறேனும் ஒருங்கே பூக்க வேண்டும். இதழ் விரியும் முன்னரே மலரை மெல்லிய மல்துணிப் பையால் மூடிக் கட்டுக. நடுவட்டிலுள்ள சிறுமலர்கள் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பல நாள் அடுக்கடுக்காய் விரியும். அந்நாள்களில் காலைதோறும் பையை நீக்கி, மென்தூரிகையால் ஒரு வெளிர்மலரின் மகரந்தத்தை மற்றொன்றில் தடவி, மீண்டும் மூடுக. மலரின் பின்புறம் மஞ்சளாகிப் பழுப்பேறத் தொடங்கும்போது விதை முற்றியிருக்கும்.

விதை வாங்கும்போது மகரந்தமற்ற வகையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1969இல் பிரான்சில் லெக்லெர்க் கண்டறிந்த ஆண் மலட்டுத்தன்மை கலப்பின விதை உற்பத்திக்கு வழிதிறந்தது. வெட்டுமலர் வணிகத்திற்கென மகரந்தம் உதிராத வெளிர் வகைகளும் இன்று விற்பனைக்கு உள்ளன. அவை மேசைவிரிப்பைக் கறைப்படுத்தா. ஆனால் தேனீக்கு மகரந்தமும் தரமாட்டா. கலப்பின விதையாதலால், சேமித்தாலும் அடுத்த தலைமுறை அவ்வாறே அமையும் என்ற உறுதியில்லை.

பிடுங்கிய செடிகளுள் ஒன்று மட்டும், தொட்டி மூலையில் மறைந்திருந்ததால் தப்பிப் பூத்துக்கொண்டிருக்கிறது. பொன்மஞ்சள்தான். அதற்குத் துணையாக வெளிர் விதைகள் சிலவற்றை நேற்று ஊன்றியுள்ளேன். அவை பூக்குமுன் இது உதிர்ந்துவிடக்கூடும். அதனால் அதன் மகரந்தத்தைச் சேர்த்து உலர்வான குப்பியில் குளிர்பெட்டியில் வைக்க முயல்கிறேன். கணக்குப் பொய்க்காவிடின் அவ்விணையின் விதைகளில் பாதி வெளிர்நிறத்தில் பூக்கும். முடிவை அடுத்த ஆண்டு இங்கேயே எழுதுவேன். உங்கள் வீட்டிலோ துறைத் தோட்டத்திலோ நிறம் மாறிய செடிகள் இருந்தால், பிடுங்காமல் வைத்திருங்கள். எத்தனை விதைத்தீர்கள், எத்தனை எந்நிறத்தில் பூத்தன என்பதைக் குறித்துப் பகிர்ந்தால் நன்றியுடையேன்.