கணிப்பொறிக்கு நினைவு தந்தவர்கள்

கணிப்பொறி கணக்கிடும் வேகத்தைக் கண்டு நாம் வியக்கிறோம். ஆனால் கணக்கிட வேண்டிய எண்களையும், எப்படிக் கணக்கிடுவது என்ற கட்டளைகளையும் அது தன்னிடம் வைத்திருந்தால்தான் அந்த வேகத்தால் பயன் உண்டு. 1940-களில் கணிப்பொறி அமைத்தவர்களுக்குப் பெரும் சிக்கலாக இருந்தது இந்த நினைவகம்தான். இதற்கென்று அப்போது பாடநூலும் இல்லை, பட்டப் படிப்பும் இல்லை. அப்படியானால் நினைவகத்தை ஆக்கியவர்கள் யார்? அவர்களுடைய முந்தைய தொழில் இதற்கு எவ்வாறு உதவியது? சிலரைப் பற்றிக் காண்போம்.

ராடார் வல்லுநர்கள்

இங்கிலாந்தின் பிரெடெரிக் வில்லியம்ஸ் மின் பொறியாளர். இரண்டாம் உலகப் போரின்போது ராடார் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். டாம் கில்பர்ன் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர். மின்னணுவியலில் குறுகிய காலப் பயிற்சி பெற்று, 1942-இல் ராடார் பணியில் சேர்ந்தார். ராடார் திரையாகப் பயன்பட்ட கேதோடு கதிர்க் குழாய் இருவருக்கும் நன்கு பழகிய கருவி.

எலெக்ட்ரான் கற்றை அக்குழாயின் திரையில் ஒரு புள்ளியைத் தாக்கினால் அங்கே சிறிது மின்னூட்டம் தங்குகிறது. அதை ஒரு குறியாகக் கொள்ளலாம். ஆனால் ஒரு விநாடிக்குள்ளாகவே அது கசிந்து மறைந்துவிடும். மறைவதற்கு முன்பே அதைப் படித்து, படித்ததைத் திரும்பவும் எழுதிக்கொண்டே இருந்தால்? இந்த எளிய வழியே வெற்றி தந்தது. இந்த நினைவகத்தைச் சோதிப்பதற்கென்றே மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு கணிப்பொறி கட்டப்பட்டது. கட்டளைகளையும் தன் மின்னணு நினைவகத்திலேயே வைத்துக்கொண்ட அப்பொறி 1948 ஜூன் 21 அன்று இயங்கியது. அதன் நினைவகத்தில் அடங்கியவை 1,024 பிட்டுகளே.

1966-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டெனார்டு ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் கொண்ட நினைவுக் கூறு ஒன்றை வகுத்தார். அதிலும் மின்னூட்டம் கசியும். அதையும் இடைவிடாது புதுப்பிக்க வேண்டும். இன்று கைபேசிகளில் இருப்பது இவ்வகை நினைவகமே.

பண்ணைப் பையன்

ஜே பாரஸ்டர் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு கால்நடைப் பண்ணையில் வளர்ந்தவர். பள்ளியில் படிக்கும்போதே காற்றாலை ஒன்றை அமைத்துத் தம் பண்ணைக்கு முதன்முதலாக மின்சாரம் தந்தார். பின்னர் மின் பொறியியல் பயின்று எம்.ஐ.டி. கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவர் குழு அமைத்த கணிப்பொறியில் கதிர்க் குழாய் நினைவகம் அடிக்கடி பழுதானது. அதற்கு மாற்றாக, சிறு காந்த வளையங்களைக் கம்பிகளில் கோத்த நினைவகத்தை 1953-இல் பொருத்தினார். வளையம் வலமாகக் காந்தமானால் ஒரு குறி, இடமாகக் காந்தமானால் மற்றொரு குறி. மின்சாரம் நின்றாலும் காந்தம் அழியாது. அடுத்த இருபது ஆண்டுகள் கணிப்பொறிகளில் இவ்வளையங்களே கோலோச்சின.

பள்ளி ஆசிரியர்

ரெனால்டு ஜான்சனின் கதை இவை எல்லாவற்றிலும் சுவையானது. அவர் மிச்சிகன் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர். பெற்ற பட்டமோ கல்வி நிர்வாகத்தில்! விடைத்தாள் திருத்தும் வேலையை ஒரு பொறியிடம் ஒப்படைக்க அவர் விரும்பினார். பென்சில் கோட்டில் இருப்பது கிராபைட். அது மின்சாரத்தைக் கடத்தும். எனவே சரியான விடைகளின் குறிகள் வழியே பாயும் மின்னோட்டத்தை அளந்தால் மதிப்பெண் தெரிந்துவிடும்.

ஆனால் ஒரு மாணவன் அழுத்திக் கோடிடுவான், இன்னொருவன் மெல்லக் கோடிடுவான். இரண்டின் மின்தடையும் ஒன்றாக இராதே? இதற்கு ஜான்சன் கண்ட தீர்வு, ஒவ்வொரு குறியின் சுற்றிலும் மிகப் பெரிய மின்தடை ஒன்றைச் சேர்ப்பது. அதன் முன்னால் பென்சில் கோடுகளின் வேறுபாடு ஒரு பொருட்டன்று. தொடர் மின்தடைகளின் கூட்டுத்தொகையை அறிந்த மாணவர்க்கு இது விளங்கும். 1934-இல் ஐ.பி.எம். அவரைப் பணியில் அமர்த்தியது.

1952-இல் அந்நிறுவனம் கலிபோர்னியாவின் சான் ஓசே நகரில் ஆய்வுக்கூடம் தொடங்க அவரை அனுப்பியது. துளையிட்ட அட்டைகளின் அடுக்கில் ஒரு விவரத்தைத் தேட வேண்டுமானால் அட்டைகளை வரிசையாகப் பார்த்துவர வேண்டிய காலம் அது. வேண்டிய விவரத்தை நேரே சென்று எடுக்கச் சுழலும் காந்தத் தட்டுகளை அவர் குழு தேர்ந்தது. தட்டின் மேல் இரும்பு ஆக்சைடுப் பூச்சு ஒரே சீராகப் படிய வேண்டுமே? பூச்சைக் காலுறைத் துணியில் வடிகட்டி, சுழலும் தட்டின் நடுப்பகுதியில் ஊற்றினார்கள். சுழற்சியே அதை விளிம்பு வரை பரப்பியது. படிக்கும் முனை தட்டில் உராயாதிருக்க, அழுத்தப்பட்ட காற்று இடையே செலுத்தப்பட்டது. இப்பணியில் முக்கியப் பங்கு கொண்ட வில்லியம் காடர்டு இயற்பியல் பட்டதாரி; அவரும் முன்பு பள்ளி அறிவியல் ஆசிரியரே.

1956-இல் வெளிவந்த அந்தச் சேமிப்பகத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. அடங்கியவை 50 லட்சம் எழுத்துகள்.

மாணவர்க்கு

இயற்பியல் படித்தால் கணிப்பொறித் துறையில் இடமுண்டா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. மேற்கண்டவர்கள் பட்டத்தின் பெயரை நம்பி வந்தவர்கள் அல்லர். ஆனால் படிப்பை ஒதுக்கியவர்களும் அல்லர். ஒவ்வொருவரும் ஏதேனும் ஒன்றை ஐயமற அறிந்திருந்தார். அதைப் புதிய இடத்தில் பொருத்திப் பார்த்தார். 1988-இல் ஆல்பெர்ட் பெர்ட், பீட்டர் குருன்பெர்க் ஆகிய இயற்பியலார் மெல்லிய காந்தப் படலங்களின் மின்தடையைத் தனித்தனியே ஆராய்ந்து ஒரு புதிய விளைவைக் கண்டனர். பத்தாண்டு முடியுமுன்பே, 1997-இல், அது காந்தத் தட்டுகளைப் படிக்கும் முனையாயிற்று. 2007-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். ஜான்சனுக்குக் கைகொடுத்ததும் மின்தடைதான், இவர்களுக்குக் கைகொடுத்ததும் மின்தடைதான். அந்தப் பாடம் நம் பள்ளிப் புத்தகத்திலும் இருக்கிறது.