மெரினாவின் மணல்

மெரினாவைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் சென்னைவாசிகளுக்கு ஒரு பூரிப்பு வந்துவிடுகிறது. உலகத்திலேயே இரண்டாவது நீளமான கடற்கரை என்று யாரும் அளந்து பார்க்காத பெருமையில் தொடங்கி, சுண்டலில் போய் முடியும் பேச்சு அது. இந்த மணல் ஆதியிலிருந்தே இங்கே கிடக்கிறது என்ற எண்ணமும் அதில் சொல்லாமலே அடங்கியிருக்கும். உண்மையில் நாம் உட்கார்ந்து கவிதை பேசுகிற மணலில் பெரும்பகுதி துறைமுகச் சுவர் சேர்த்துக் கொடுத்தது. கடற்கரைச் சாலையின் சரித்திரத்தை இங்கிருந்து ஆரம்பித்தால்தான் பின்னால் நடந்தவை பிடிபடும் என்று எனக்குப் படுகிறது.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டிப் போய்ச் சரக்குகளையும் மனிதர்களையும் கரை சேர்த்தன. கோட்டைக்கு வெகு அருகில் கடல் இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் எழுப்பிய ஐஸ் ஹவுஸும், இன்றைய விவேகானந்தர் இல்லம், கரையோரக் கட்டிடம்தான். இன்று அதன் வாசலிலிருந்து தண்ணீரைத் தொட வெயிலில் வெகுதூரம் நடக்க வேண்டும்.

1870களின் நடுவில் துறைமுகத்தின் இரண்டு கைகளையும் கடலுக்குள் நீட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அவற்றைச் சிதைத்தது, மறுபடியும் கட்டினார்கள். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. நடுவில் சுவர் வந்ததும் தெற்கே மணல் தேங்கிற்று. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. கடல் ராயபுரத்தையும் திருவொற்றியூரையும் அரிக்க ஆரம்பித்தது. அங்கே இன்று கரை என்பது கொட்டிய கருங்கல். ஒரே சுவர் ஒரு பக்கத்துக்கு உலாவுமிடத்தைக் கொடுத்து, இன்னொரு பக்கத்தின் வீடுகளை எடுத்துக்கொண்டது. மெரினாவைப் பாடிய யாருடைய கவிதையிலும் இந்த வடக்கு இல்லை.

நான் குமாஸ்தா வேலை பார்க்கும் வங்கி இந்தச் சாலையின் வட பகுதியில், ஒரு காலத்தில் முதல் கடற்கரை வரிசை என்று பெயர் பெற்றிருந்த ராஜாஜி சாலையில் இருக்கிறது. ‘பீச்’ ஸ்டேஷனில் இறங்கிப் போகிறேன். கடல் கண்ணுக்குத் தெரிவதில்லை. துறைமுகத்தின் மதில், கண்டெய்னர் லாரிகள், பர்மா பஜார். பெயரில் மட்டும் கடல் மிஞ்சியிருக்கிறது. தெற்கே சாலைக்குக் காட்சி, வடக்கே வியாபாரம். இந்தப் பிரிவினையை ஏற்படுத்தியதும் துறைமுகந்தான்.

தேங்கிய மணலைக் காட்சியாக்கியவர் கிராண்ட் டஃப். 1881 முதல் 1886 வரை சென்னையின் கவர்னர். 1884இல் சாலையை ஒட்டி உலாவுமிடம் அமைத்து, தான் பார்த்திருந்த சிசிலியின் ஞாபகத்தில் அதற்கு மெரினா என்று இத்தாலியப் பெயர் வைத்தார். சாலைக்கு மேற்கே பிரசிடென்ஸி கல்லூரி, செனட் ஹவுஸ் எல்லாம் ஏற்கெனவே கடலைப் பார்த்து நின்றிருந்தன. மாலையில் துரைகள் சாரட்டில் வந்து காற்று வாங்கினார்கள். பெயரே சொல்கிறது: இங்கே கடல் என்பது வேறெங்கோ பார்த்த கடலின் ஞாபகம். அந்த ஞாபகத்தில் கட்டுமரம் இருக்கலாம், தூரத்தில், ஒரு கோடாக. கரையில் ஏற்றி வைத்த கட்டுமரம், உலரும் வலை, கருவாட்டு நாற்றம் இவற்றுக்கு இடமில்லை. ஆனால் மீனவர்கள் சாலைக்கு முந்தியவர்கள். மணல் அகல அகல அவர்களும் கடலோடு கூடவே கிழக்கே நகர்ந்திருக்க வேண்டும்.

நம் மரபில் கடற்கரைக்கு ஒரு திணையே உண்டு. நெய்தலில் மீன் காய்கிறது. அதைக் காக்கிற பெண் பறவை ஓட்டுகிறாள். அவள் மேல் புலால் வீசுகிறது. அவளைத் தேடி ஒருவன் தேரில் வருகிறான். உழைப்பும் காதலும் ஒரே மணலில் நடக்கின்றன. நெய்தலை மேற்கோள் காட்டுகிற நாம் மெரினாவைப் பார்க்கும்போது கிராண்ட் டஃபின் கண்ணால்தான் பார்க்கிறோம். தேரில் வந்தவன் மட்டும் மிச்சம். மீன் காத்தவள் ‘ஆக்கிரமிப்பு’ ஆகிவிட்டாள்.

இடையில் இந்த மணலுக்கு இன்னொரு வாழ்வு இருந்தது. பாரதி பேசிய கூட்டங்கள் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் நடந்தன. 1923இல் சிங்காரவேலர் அதே கரையில் மே தினம் கொண்டாடினார். அவர் மீனவ சமூகத்தில் பிறந்தவர். இன்று அவர் பெயர் ராஜாஜி சாலையில் கலெக்டர் ஆபீஸ் கட்டிடத்தின் மேல் இருக்கிறது. பிறகு சிலைகள் வந்தன. 1959இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை. அது ஒன்றுதான் சிற்பம் என்று சொல்லத் தகுந்தது. 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வள்ளுவர், இளங்கோ, கண்ணகி, கால்டுவெல், போப் என்று ஒரு வரிசை. பெரும்பாலும் கடலுக்கு முதுகைக் காட்டிச் சாலையில் போகிறவர்களைப் பார்த்து நிற்கிறார்கள். 1969இல் அண்ணாவை மணலில் அடக்கம் செய்ததிலிருந்து சமாதிகள். கூட்டம் கூடிய இடம் கும்பிட்டுவிட்டுப் போகிற இடமாயிற்று.

சாலையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வருகிற சொல் ‘அழகுபடுத்துதல்’. 1985இல் எம்.ஜி.ஆர். அரசு மெரினாவை அழகுபடுத்தும் பொருட்டுக் கரையிலிருந்து கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முற்பட்டது. மீனவர்கள் எதிர்த்தார்கள். அலையிலிருந்து ஏறி வந்ததும் கட்டுமரத்தை வைக்க வேறு இடம் ஏது? டிசம்பரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. குப்பத்துக்காரர்கள் செத்தார்கள். ஒரு காட்சியிலிருந்து தேவையற்ற பொருளை நீக்குவது என்ற ரசனை சம்பந்தப்பட்ட காரியம் துப்பாக்கி வரை போயிற்று. கண்ணகி சிலையை 2001இல் அகற்றியபோது அது 2006இல் திரும்பி வரும்வரை நாம் எழுதிக்கொண்டிருந்தோம். 1985 டிசம்பரை நம் கவிதைகளில் தேடினேன், எனக்கு அகப்படவில்லை.

2003இல் ராணி மேரி கல்லூரியை இடித்துத் தலைமைச் செயலகம் கட்டும் யோசனை வந்தது. மாணவிகளின் போராட்டத்தில் கல்லூரி தப்பியது. அடுத்த வருஷம் சுனாமி. இவற்றுக்கெல்லாம் பிறகு, சாந்தோம் சாலையின் நெரிசலுக்கு மாற்றாக நொச்சிக்குப்பத்தின் ஊடாகவே போகிற லூப் சாலை போக்குவரத்துச் சாலையாயிற்று. படகு இருக்கும் இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் கார்கள். கரையில் இறங்கிய மீனைப் பெண்கள் வழக்கம்போல் வீட்டெதிரே விற்றார்கள். அந்த இடம் இப்போது சாலையோரம் என்று பெயர் பெற்றிருந்தது. 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நெரிசலைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர்கள் சாலையை மறித்தார்கள். சாலைதான் எங்கள் இடத்துக்குள் வந்தது என்று சொன்னார்கள். கார் ஓட்டிப் போகிறவனுக்குப் புதிதாகக் கேட்கிற வாதம். எனக்கு அதில் மறுக்க ஒன்றும் தென்படவில்லை.

2024 ஆகஸ்டில் அதே சாலையில் நவீன மீன் அங்காடி திறந்தார்கள். முந்நூற்றறுபதுக்கும் மேற்பட்ட கடைகள், மேலே கூரை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வாங்கப் போனேன். மீன் வெட்டிக்கொடுத்த அம்மாளிடம் இந்த இடம் தேவலையா என்று கேட்டேன். “வெயிலு இல்ல சார்” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “இங்க குந்திக்கினா படகு வர்றது தெரில” என்றாள்.