பஞ்சிகாவத்தையிலிருந்து ஹாலிஎலைக்கு ஒரு வால்வு

உள்ளங்கைக்குள் அடங்கும் பித்தளைக் குப்பி, அதைச் சுற்றி ஒரு ஸ்பிரிங், மேலே ஒரு தட்டு. தெர்மோஸ்டாட் வால்வு என்பது இவ்வளவுதான். குப்பிக்குள் இருப்பது மெழுகு. என்ஜின் தண்ணீர் சூடேறினால் மெழுகு உருகி விரிந்து நடுக்கம்பியைத் தள்ளும். தட்டு விலகி, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும். ஆறினால் ஸ்பிரிங் மறுபடி மூடிவிடும். வயர் கிடையாது, கரண்டும் வேண்டாம். 1934இல் செர்ஜியஸ் வெர்னே என்பவர் கண்டுபிடித்த ஏற்பாடு இது. அதற்கு முன்பு, எளிதில் ஆவியாகும் திரவத்தை மடிப்புத் தகட்டு உறைக்குள் அடைத்து வைத்தார்கள். தண்ணீரின் அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் அது தடுமாறும். மெழுகு அழுத்தத்தைப் பொருட்படுத்தாது. வெப்பத்துக்கு மட்டுமே அசையும்.

ஜப்பானில் செய்யப்படும் வால்வுகளில் 76.5, 82, 88 என்று ஏதாவதொரு எண் பொறித்திருக்கும். அத்தனை பாகைச் சூட்டில்தான் வாய் திறக்கத் தொடங்கும். பழைய வேன்களும் லொறிகளும் கப்பலேறி இலங்கைக்கு வந்தபோது வால்வும் என்ஜினோடு சேர்ந்தே வந்தது. வந்த பிறகுதான் அதற்குக் கெட்ட காலம். பதுளைப் பக்கம் ஓடும் ‘டொல்பின்’ வேன்களில் பல, இரண்டு மூன்று கை மாறியவை. பள்ளநாட்டு வெயிலில், நெரிசலில், எப்போதோ ஒருநாள் தண்ணீர் கொதித்திருக்கும். ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், மூடி தளர்ந்திருக்கலாம், ஃபேன் சரியாகச் சுற்றாமல் இருந்திருக்கலாம். அதையெல்லாம் தேட நேரமும் காசும் வேண்டும். “நம்ம நாட்டுக்கு இது தேவையில்ல” என்று வால்வைக் கழற்றி வீசுவதற்குப் பத்து நிமிடம் போதும். நாடு முழுக்க ஒரே சூடு என்று நினைப்பவர்கள் மலைநாட்டு டிரைவருக்குச் செய்யும் அநியாயம் இது.

பதுளைக்குப் பக்கத்து ஹாலிஎலையில் இரண்டு பெரிய ரோடுகள் சந்திக்கின்றன. பெரகலையில் தொடங்கி ஹப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை வழியாக இறங்கிவரும் ஏ16. நுவரெலியா, வெலிமடைப் பக்கமிருந்து வரும் ஏ5. எதில் வந்தாலும் நீண்ட இறக்கம். பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேலே. ஹாலிஎல ஏறத்தாழ 700. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கிற வேலை குறைவு, எரியும் டீசலும் சொற்பம், குளிர்காற்று மட்டும் ரேடியேட்டரில் அடித்துக்கொண்டே இருக்கும். வால்வு இருந்தால் வாயை மூடி சூட்டைக் காப்பாற்றும். இல்லாவிட்டால் மார்கழி தைக் காலையில் ஹீட் மீட்டர் ஊசி அடிக்கோட்டை விட்டு எழும்பாது.

“ஹீட் ஏறலன்னா நல்லதுதானே அண்ணே?” என்று கேட்பவர்கள் உண்டு. நல்லதில்லை. குளிர்ந்த என்ஜினில் டீசல் சரியாக எரியாது. புகை கூடும், இழுவை குறையும். எரியும்போது உண்டாகும் நீராவி சிலிண்டர் சுவரில் படிந்து, டீசலிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகி இரும்பை அரிக்கும். ஒயில் மூடியைத் திறந்தால் அடியில் பால்நிறத்தில் கசடு ஒட்டியிருக்கும். கம்ப்யூட்டர் உள்ள புதிய வண்டிகளில், என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நம்பி அந்தக் கம்ப்யூட்டர் கூடுதலாக எரிபொருள் ஊற்றிக்கொண்டே இருக்கும். ஸ்கேன் பண்ணினால் பி0128 என்ற பிழைக்குறியைக் காட்டும். 2022இல் கியூஆர் எரிபொருள் கோட்டாவில் வேனுக்கு வாரம் 20 லீற்றர் தந்த நாட்களில், இப்படி வீணாகிய ஒவ்வொரு லீற்றரும் யாரோ ஒருவருடைய ஹயர். 2020 மார்ச்சிலிருந்து ஐந்து வருடம் வாகன இறக்குமதி முடங்கியிருந்ததால் பழைய என்ஜின்களையே காப்பாற்றிக்கொள்ள வேண்டியும் இருந்தது.

கண்டுபிடிக்கும் வழி எளிது, ஆனால் வரிசை முக்கியம். முதலில் ஊசியை நம்பக்கூடாது. சென்சர் பழுதானாலும் அது கீழேயே கிடக்கும். காலையில் ஆறிய என்ஜினை ஸ்டார்ட் பண்ணி, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸில் கை வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல வால்வு என்றால் ஹோஸ் பல நிமிடம் குளிர்ந்தே இருந்து, வால்வு திறந்ததும் திடீரென்று சுடும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது உள்ளே வால்வே இல்லை. (சில என்ஜின்களில் வால்வு கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும், அங்கே கையும் கீழேதான்.) பிறகு வால்வு மூடியைக் கழற்றினால் விஷயம் தெரிந்துவிடும். பல வண்டிகளில் உள்ளே வெறும் குழிதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சில வால்வுகளுக்கு அடியில் சிறிய இரண்டாம் தட்டு இருக்கும். மேல்வாய் திறக்கும்போது, தண்ணீர் என்ஜினுக்கே திரும்பும் குறுக்குவழியை அது அடைக்கும். இந்த வகையைக் கழற்றிவிட்டால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும்; சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே சுற்றும். அதனால்தான் ஒரே வண்டி பண்டாரவளை ஏற்றத்தில் கொதித்து, திரும்பி இறங்கும்போது குளிர்ந்து கிடக்கிறது. கொதிப்பதைத் தடுக்கத்தான் கழற்றினார்கள் என்பதை நினைத்தால் வயிறெரிகிறது.

புது வால்வு பெரும்பாலும் கொழும்பு பஞ்சிகாவத்தை ஸ்பெயார்பார்ட்ஸ் கடைகளிலிருந்து வரும். பதுளை பஸ் கண்டக்டர் கையில் பார்சலாகக் கொடுத்துவிட்டால், இரத்தினபுரி, பலாங்கொடை, ஹப்புத்தளை தாண்டி ஹாலிஎல சந்தியில் இறங்கிவிடும். பூட்டுவதற்கு முன் சட்டித் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மோமீட்டரோடு சூடாக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் உயரத்தை மறக்கக்கூடாது. ஹாலிஎலையில் தண்ணீர் சுமார் 97.5 பாகையிலேயே கொதித்துவிடும். நுவரெலியாவில் 94ஐத் தொடாது. 88 பொறித்த வால்வு முழுதாகத் திறக்க 88ஐவிடப் பத்துப் பன்னிரண்டு பாகை கூடுதலாக வேண்டும். நுவரெலியாச் சட்டியில் அது அரைவாய்தான் திறக்கும். வால்வு பழுது என்று எறிந்துவிட வேண்டாம். வண்டியில் ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் தண்ணீர் நூறு பாகைக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். வால்வும் அங்கே முழுதாகத் திறக்கும்.

தட்டில் ஆடும் சிறு ஊசி ஒன்று இருக்கும். தட்டு செங்குத்தாக நிற்கும்படி வால்வு உட்காரும் என்ஜின்களில் அதை மேல்பக்கம் வைத்துப் பூட்ட வேண்டும், காற்று வெளியேறுவதற்காக. பழைய கேஸ்கட் ஒட்டைச் சுரண்டி, புதுக் கேஸ்கட் போட்டு, கூலன்ட் ஊற்றி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே என்ஜினை ஓடவிட்டுக் குமிழ் நிற்கும்வரை பார்க்க வேண்டும். பிறகு தெமோதரை வரை ஏறி இறங்கி வந்தால் மீட்டர் ஊசி நடுவிலேயே நிற்கும். ஏற்றத்தில் ஊசி மேலே போனால், முன்பு யாரும் தேடாத ரேடியேட்டர் அடைப்பு போன்ற பழுது இன்னும் அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த வேலை அதுதான்.